அக்காவும் சாயம் போன மாத்திரையும்

அக்கா எங்களை விட்டுச் சென்று இன்றோடு ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும், அக்காவோடு ஒரே டேபிளில் நின்று வேலை பார்த்தவர்களுக்கும், அக்கம்பக்கத்து வீட்டாருக்கும் தம்பியின் வணக்கம். அக்காவைப் பற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்று அக்கா மகள் கேட்டபோது, வேறு யாரையாவது எழுதச் சொல் என்றேன். "எல்லாரும் 'அன்பே உருவானவர்'னு எழுதிக் குடுத்துட்டாங்க மாமா. நீங்களாச்சும் நடந்ததை எழுதுங்க" என்றாள். நடந்ததை எழுதினால் யாருடைய மானம் போகும் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டாள்.

என்னை அதிகம் அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. உறவு வட்டத்தில் எனக்குச் "சங்கு" என்று பெயர். மில் சங்கு ஷிப்டு மாறும்போது மட்டும்தான் ஊதும்; நான் நேரங்காலம் பார்ப்பதில்லை. பக்கத்து வீட்டில் யாராவது இரண்டு முறை இருமினால் மூன்றாவது இருமலுக்குள் ஆட்டோவோடு வாசலில் நிற்பேன். அப்படிப்பட்டவன் கையில்தான் அக்காவின் உயிர் பதினொரு நாள் இருந்தது. சொல்ல வேண்டியது அதைத்தான். ஆனாலும் முறைப்படி பிறப்பிலிருந்தே தொடங்குகிறேன்.

அக்கா பிறந்தது அவிநாசிபாளையத்துக்குத் தெற்கே, மழையை நம்பிய ஒரு மேட்டுத் தோட்டத்தில். பெற்றோருக்கு மூத்த பிள்ளை. நான் ஏழு வருடம் தாமதமாக வந்து சேர்ந்தவன். பத்தாம் வகுப்பு வரை படித்தார். பத்தொன்பது வயதில், நெருப்பெரிச்சல் என்ற ஊரில் நிட்டிங் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்த மச்சானுக்குக் கட்டிக் கொடுத்தோம். "கொடுத்தோம்" என்று பெரிய மனுஷன் போல எழுதுகிறேன். மூன்று பந்தியில் உட்கார்ந்து எழுந்ததுதான் அந்தக் கல்யாணத்தில் என் பங்கு.

மச்சான் அதிர்ந்து பேசாதவர். மகளுக்கு ஐந்து வயது நடக்கும்போது சாலை விபத்தில் இறந்துபோனார். தோட்டத்துக்கே வந்துவிடு என்று அப்பா கூப்பிட்டார். அக்கா வரவில்லை. "அங்க வந்தா என்னையப் பாத்து உச்சுக் கொட்டுவாங்கப்பா. கம்பெனில தைச்ச பீஸைத்தான் பாப்பாங்க" என்று சொல்லிவிட்டு, மகளைப் பள்ளியில் விட்ட கையோடு ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் செக்கிங் வேலைக்குச் சேர்ந்தார்.

ஏறத்தாழ முப்பது வருடம் அந்த டியூப் லைட் டேபிளுக்கு முன்னால் நின்றார். தைத்து வரும் பனியனை விரித்து, திருப்பி, ஊசி ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல், உடம்புக்கு ஒரு நிறமும் கைக்கு ஒரு நிறமுமாக வந்த துணி என்று எது இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவார். நல்லது பெட்டிக்குப் போகும். பழுது தனியே விழும். வேலை முடிந்து வெளியே வந்தாலும் அந்தக் கண் ஓயாது. என் கல்யாணத்தன்று மணமேடைக்கு வந்து காதோடு அக்கா சொன்ன வாழ்த்து இதுதான்: "ரெண்டாவது பட்டன் தையல் விட்டுருக்குது. அசையாம உக்காரு சாமி."

அக்கா தனியே தள்ளிய அந்தப் பழுதுக்கு எங்கள் ஊரில் செகண்ட்ஸ் என்று பெயர். கம்பெனிகள் அதை எடை போட்டு மொத்தமாக விற்றுவிடும். அதை வாங்கி, வெளிநாட்டு லேபிளை வெட்டிவிட்டு, காதர்பேட்டையில் கடை போட்டு விற்கிறவன் நான். அக்கா வேண்டாம் என்று ஒதுக்கியதில்தான் என் குடும்பம் சாப்பிட்டது என்று சொன்னால் அது மிகையில்லை. இந்தத் தொழில்தான் பிற்பாடு என் புத்தியைக் கெடுத்தது.

நாற்பத்து நான்கு வயதில் அக்காவுக்கு டேபிளில் நிற்க முடியாத அசதி வந்தது. சத்துக் குறைவு என்று நினைத்துப் பேரீச்சம்பழம் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தோம். ரத்தம் சோதித்த இடத்தில், உடனே கோவைக்குப் போங்கள் என்றார்கள். கோவையில் டாக்டரம்மா, இது ரத்தத்தில் வருகிற புற்றுநோய் என்று சொல்லி முடிப்பதற்குள் எனக்குத் தலை சுற்றிவிட்டது. நர்ஸ் என்னைப் பெஞ்சில் படுக்க வைத்தார். நோயாளி தன் ரிப்போர்ட்டை வைத்து எனக்கு விசிறிக்கொண்டே டாக்டரிடம் மேற்கொண்டு விவரம் கேட்டார்.

விவரம் இதுதான். இந்த வகைக்கு ஒரு மாத்திரை இருக்கிறது. தினமும் சாப்பாட்டோடு ஒன்று. ஆயுசுக்கும் போட வேண்டும். ஒரு நாள்கூட விடக் கூடாது. விடாமல் போட்டால் மற்றவர்களைப் போலவே வேலைக்குப் போகலாம், பேரன் பேத்தி எடுக்கலாம். ஆனால் அந்த வெளிநாட்டு மாத்திரையின் விலைக்கு, தோட்டத்தை விற்றிருந்தாலும் ஒரு வருடத்துக்கு மேல் தாங்கியிருக்காது.

டாக்டரம்மாவே வழி சொன்னார். அந்த மருந்துக் கம்பெனி, வசதியில்லாத நாடுகளில் இருக்கும் நோயாளிகளுக்கென்று ஒரு தொண்டு அமைப்பின் மூலம் மாத்திரையை இலவசமாகக் கொடுத்துவந்தது. வருமானச் சான்று, ரிப்போர்ட், கையெழுத்து, போட்டோ எல்லாம் கொடுத்தோம். மூன்று வாரத்தில் முதல் பெட்டி வந்தது. தன் பெயரை எங்கோ இருக்கிற யாரோ ஒருவர் படித்துப் பார்த்துச் சரி என்று போட்டிருக்கிறாரே என்று அக்கா அந்தப் பெட்டியைச் சாமி படத்தின் முன் வைத்து எடுத்தார்.

ஐந்து வருடம் அப்படி வந்தது. ஐந்து வருடமும் நான் பயந்தேன். மாதம் ஒருமுறை கோவைக்குப் போய்ப் பெட்டியைக் கையில் வாங்கும்வரை எனக்குச் சோறு இறங்காது. லாரி ஸ்டிரைக் என்றால் மாத்திரை வருமா என்று பயம். துறைமுகத்தில் புயல் என்றால் பயம். பெயர் தெரியாத கடல்களின் வானிலையை எல்லாம் டிவியில் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் அது விமானத்தில் வருகிறது என்று தெரிந்தது. அன்றிலிருந்து விமானங்களுக்காகப் பயந்தேன்.

ஒரு நாள் அந்தப் பயம் பலித்தது. இலவச மாத்திரைத் திட்டம் மாறுகிறது, இனி உள்நாட்டு மாத்திரைக்கு மாறிக்கொள்ளுங்கள் என்றார்கள். அதே மருந்தை நம் நாட்டுக் கம்பெனிகளும் இப்போது செய்கின்றன, குறைந்த விலை மருந்துக் கடையிலேயே கிடைக்கும் என்று டாக்டரம்மா சீட்டு எழுதிக் கொடுத்தார். வழக்கம்போல வாங்கப் போனவன் நான்.

கடையில் இருந்த அம்மா அட்டையை எடுத்து வைத்து விலையைச் சொன்னார். நான் இரண்டாவது முறையும் கேட்டேன். தப்பில்லை, அதுதான் விலை. பழைய மாத்திரையோடு ஒப்பிட்டால் அது பஸ் டிக்கெட். மற்றவர்களாக இருந்தால் கும்பிட்டு வாங்கிக்கொண்டு வந்திருப்பார்கள். நான் சந்தேகத்தோடுதான் காசைக் கொடுத்து வாங்கினேன். காரணம், காதர்பேட்டையில் ஒரு சரக்கு இந்த அளவுக்கு விலை இறங்குவதற்கு எனக்குத் தெரிந்து ஒரே காரணம்தான்.

வீட்டுக்குப் போகாமல் நேராக என் குடோனுக்குப் போனேன். அட்டையை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். பழைய பெட்டியில் இருந்த வெளிநாட்டுப் பெயர் இதில் இல்லை. லேபிளை வெட்டிவிட்டார்கள். மாத்திரையின் நிறம் பழையதைவிட ஒரு மாற்று வெளிறியிருந்தது. ஷேடு சரியில்லை. கடைசியாக, சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஒரு மாத்திரையை டம்ளர் தண்ணீரில் போட்டேன். புதுச் சரக்கு வந்தால் சாயம் நிற்கிறதா என்று ஓரத்தை நனைத்துப் பார்ப்பது எங்கள் வழக்கம். ஐந்து நிமிடத்தில் தண்ணீர் ஆரஞ்சு நிறமானது. இன்னும் கொஞ்ச நேரத்தில் மாத்திரையே உதிர்ந்துபோனது. எனக்குச் சந்தேகம் தீர்ந்தது. கம்பெனிக்காரன் கழித்த மாத்திரையை என் அக்காவின் தலையில் கட்டப் பார்க்கிறார்கள்.

டாக்டரம்மாவிடம் ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. "ஆமாங்க, மட்டம்தான், வேற வழியில்லீங்க" என்று அவர் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயம். பயந்தவன் கேள்வி கேட்க மாட்டான் என்பதை நான் என்னிடமிருந்தே தெரிந்துகொண்டேன். அட்டைகளைக் குடோனில் ஒரு பனியன் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டு அக்காவிடம் போனேன்.

"ஸ்டாக் வரலீங்கக்கா. அடுத்த வாரம் வந்துருமாம்."

"விட்டா ஆகாதுன்னாங்களே. டாக்டரைக் கேட்டயா தம்பி?"

"கேட்டனுங்கக்கா. ஒரு வாரம் பரவால்லைன்னாங்க."

ஒரே மூச்சில் இரண்டு பொய். அக்கா நம்பினார். ஐந்து வருடம் மாத்திரை கொண்டுவந்து கொடுத்த கை அல்லவா இது.

அதன் பிறகு பழைய மாத்திரையைத் தேடி நான் ஓடிய ஓட்டத்தை நினைத்தால் இப்போதும் மூச்சு வாங்குகிறது. துபாயில் இருக்கும் பங்காளிக்குப் போன் செய்தேன். பனியன் வாங்கும் வெளிநாட்டு பையர்களுக்கு ஏஜென்ட்டாக இருப்பவர்களைக் கேட்டேன். விலையைச் சொன்னார்கள்; சொன்னவர்களே வருத்தப்பட்டார்கள். இடையில் தினமும் ஏதாவது சாக்கு வைத்து அக்கா வீட்டுக்குப் போய் முகத்தைப் பார்ப்பேன். வெளுத்திருக்கிறதா, வீங்கியிருக்கிறதா. "எதுக்குடா என்னைய செக்கிங் பண்றே" என்று அக்கா சிரித்தார். என் வாழ்க்கையில் அந்தச் சிரிப்பைப் போல எதுவும் என்னைச் சுட்டதில்லை.

பதினொன்றாம் நாள் பீட்டரிடம் போனேன். பீட்டர் ஆப்பிரிக்காவிலிருந்து வந்து காதர்பேட்டையில் பனியன் வாங்கிக் கப்பலில் ஏற்றுகிறவர். பல வருடமாக என் வாடிக்கையாளர். எங்கள் ஊரில் தமிழ் கற்றுக்கொண்டதால் எல்லாவற்றுக்கும் "ங்க" போடுவார். "நோங்க" என்பார், "ஓகேங்க" என்பார். உங்கள் நாட்டு வழியாக இந்த வெளிநாட்டு மாத்திரை கிடைக்குமா என்று கேட்டு, கையோடு கொண்டு போயிருந்த புது அட்டையையும் காட்டினேன், இந்த மாதிரி மட்டம் வேண்டாம் என்பதற்காக.

அவர் அட்டையை வாங்கிப் பின்பக்கம் இருந்த மருந்தின் பெயரைப் படித்தார். வழக்கமாக ஒவ்வொரு பனியனுக்கும் அரைமணி நேரம் பேரம் பேசுகிற மனிதர், அன்று விலையைக்கூடக் கேட்கவில்லை.

"இது யாருக்குங்க?"

"அக்காளுக்கு."

"போட்டாங்களா?"

"இல்ல. இது செகண்ட்ஸ் பீட்டர்."

"அண்ணா, என் அண்ணனுக்கும் இதே சீக்குங்க. எங்க ஊருல வெளிநாட்டு மாத்திரை வாங்கக் காசு இல்ல. இந்த இந்தியா மாத்திரை வருது வருதுன்னாங்க. வந்துச்சுங்க. வந்தப்ப அண்ணன் இல்ல." அட்டையை என் சட்டைப் பையில் திருப்பி வைத்தார். "நான் உங்க ஊர்ல இருந்து சரக்கு வாங்கிட்டுப் போறேன். நீங்க மாத்திரைக்கு என்கிட்ட வந்து கேக்கறீங்க. வண்டி எடுங்க அண்ணா."

வண்டியை எடுத்தேன். வழியில் எத்தனை சிக்னலை மதித்தேன் என்று போலீஸ்தான் சொல்ல வேண்டும். அக்கா அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்தார். அட்டையை மேஜை மேல் வைத்துவிட்டு, குடோன், ஷேடு, டம்ளர், பொய் என்று எல்லாவற்றையும் ஒரே வாக்கியத்தில் சொன்னேன். அக்கா தட்டில் சோறு போட்டுக்கொண்டார். சாப்பிட்டார். மாத்திரையைப் போட்டுத் தண்ணீர் குடித்தார். அதற்குப் பிறகுதான் என்னைப் பார்த்தார்.

"நான் ஒரு பீஸை செகண்ட்ஸ்ல போட்டா எதுக்காகப் போடறேன்?"

"ஓட்டை இருக்குமுங்கக்கா. கறை இருக்கும்."

"இதுல எங்க ஓட்டை, காட்டு."

நான் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"வெலையைப் பாத்து நான் ஒரு பீஸைக்கூட ஒதுக்குனதில்ல தம்பி. வேற லேபிள் வெச்சா அதே பனியன் வேற வெலைக்குப் போறது உனக்குத் தெரியாதா? தெனமும் லேபிள் வெட்டறவன் நீ." பிறகு குரலை உயர்த்தாமல் கேட்டார்: "என்ற சீக்கு. என்ற உசுரு. என்னையக் கேக்காம நீ எப்படிச் சாமி முடிவு பண்ணுனே?"

மறுநாள் கோவைக்கு நாங்கள் இருவரும் போனோம். டாக்டரம்மா முழுதும் கேட்டார். சாயம் பார்த்த இடம் வந்ததும் பேனாவை வைத்துவிட்டார்.

"தண்ணில கரைஞ்சுதுங்களா?"

"கரைஞ்சு போச்சுங்க டாக்டர்."

"கரையலைன்னாத்தான் நீங்க என்கிட்ட ஓடி வந்திருக்கோணும். வயித்துக்குள்ள போயிக் கரையறதுக்குத்தானுங்க அது மாத்திரை. பழசைப் போட்டிருந்தாலும் இப்படித்தான் கரைஞ்சிருக்கும்." அக்கா சிரித்துவிட்டார். டாக்டரம்மா சிரிக்கவில்லை. "பயந்தது தப்பில்லீங்க. கள்ள மாத்திரையும் இருக்குது, மட்டமான மாத்திரையும் இருக்குது. அதுக்குத்தான் பில் போட்டு வாங்கறோம், ரத்தம் பாக்கறோம். சந்தேகம் வந்தா என்னையக் கேட்டிருக்கோணும். கேக்காம நிறுத்துனீங்க பாருங்க, அதுதான் தப்பு."

பதினொரு நாளில் நோய் மறுபடி தலை தூக்கியிருக்கிறதா என்று பார்க்க ரத்தம் எடுத்தார்கள். முடிவு வர மூன்று வாரம் ஆகும் என்றார்கள். அந்த மூன்று வாரத்தில் நான் என்னவானேன் என்று என் மனைவியைக் கேளுங்கள். கடையில் எண்ணிய பனியனையே எண்ணினேன். வாடிக்கையாளர் ஒருவர் இது செகண்ட்ஸா என்று கேட்டதற்கு அழுதுவிட்டேன். பாவம் அவர், நான் சொன்ன விலையைவிட அதிகம் கொடுத்துவிட்டுப் போனார்.

முடிவு வந்தது. ரத்தத்தில் நோயின் அளவு கொஞ்சம் ஏறியிருந்தது. டாக்டரம்மா, புது மாத்திரையைத் தொடருங்கள், மூன்று மாதம் கழித்துப் பார்ப்போம் என்றார். மூன்று மாதம் கழித்து அளவு பழைய இடத்துக்கு வந்திருந்தது. அடுத்த முறை அதற்கும் கீழே போனது. பஸ் டிக்கெட் விலை மாத்திரை தன் வேலையைச் செய்தது.

அக்கா என்னை மன்னித்தார் என்று நினைக்கிறேன். வாய் திறந்து சொல்லவில்லை. ஆனால் அந்த வாரத்திலிருந்து தினமும் சாப்பிட்டு மாத்திரை போட்டதும் என் போனுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பார். நான் எடுக்கக் கூடாது. எடுத்தால் திட்டு விழும். என் பயத்துக்கு அக்கா கண்டுபிடித்த மருந்து அது. எட்டு வருடம், ஒரு நாள் விடாமல் கொடுத்தார்.

அந்த எட்டு வருடத்தில் மகளுக்குப் பிரசவம் பார்த்தார். ஐம்பத்தைந்து வயது வரை வேலைக்குப் போனார். மாத்திரை வாங்க என்னை அனுப்புவதை நிறுத்திவிட்டுத் தானே போக ஆரம்பித்தார். போன இடத்திலும் சும்மா இருக்கவில்லை. விலையைக் கேட்டுத் தயங்கி நிற்பவர்களிடம் பேச்சுக் கொடுப்பார். வடநாட்டுத் தொழிலாளிப் பெண்களுக்காக மூன்று வார்த்தை அரைகுறை இந்தி கற்றுக்கொண்டு, அட்டையின் பின்பக்கத்தில் இருக்கும் மருந்துப் பெயரைத் தொட்டுக் காட்டி, "தவா சேம் ஹை", மருந்து ஒன்றுதான், என்பார். நம்பாதவர்களுக்கு என் டம்ளர் கதையைச் சொல்வார். மருந்துக் கடை வட்டாரத்தில் நான் யார் என்று எனக்குத் தெரியாமலேயே பலருக்குத் தெரிந்திருந்தது.

கடைசியில் அக்காவைக் கொண்டுபோனது அந்த நோய் அல்ல. சென்ற ஆண்டு காய்ச்சலாகத் தொடங்கி நெஞ்சில் சளி கட்டியது. நான்கு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். நான் கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து மானிட்டரில் ஓடும் எண்களைப் பார்த்து நர்ஸுகளின் உயிரை எடுத்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் நாள் கஞ்சி குடித்துவிட்டு மாத்திரை போட்டதும் அக்கா கையை நீட்டித் தன் போனைக் கேட்டார். கொடுத்தேன். என் சட்டைப் பையில் மணி அடித்தது. இரண்டடி தூரம்தான். எடுக்காமல் அடித்து ஓயும்வரை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். நான்காம் நாள் காலையில் மகளும் நானும் பக்கத்தில் இருக்க அமைதியாகப் போய்விட்டார்.

அந்தப் பதினொரு நாள் அக்காவின் ஆயுளில் எதையாவது குறைத்ததா என்று டாக்டரம்மாவிடம் மூன்று தரம் கேட்டுவிட்டேன். மூன்று தரமும் இல்லை என்றுதான் சொன்னார். நான்காவது தரம் கேட்காமல் இருக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

அக்காவுக்கு மருத்துவம் பார்த்து, கூடவே எனக்கும் சேர்த்துப் பார்த்த டாக்டரம்மாவுக்கும், ஸ்டாக் தீருவதற்கு முன்பே அடுத்த மாத அட்டையை எடுத்து வைத்த மருந்துக் கடை அம்மாவுக்கும், முகம் தெரியாத எங்களுக்காக ஐந்து வருடம் மாத்திரை அனுப்பியவர்களுக்கும், அதே மருந்தை எங்கள் கைக்கு எட்டும் விலையில் செய்து கொடுத்தவர்களுக்கும், காரியத்தன்று வெயிலில் நின்று பந்தல் போட்ட செக்கிங் பெண்களுக்கும், தன் அண்ணனைப் பற்றி அன்று என்னிடம் சொன்ன பீட்டருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். இதைப் படிக்கும் உங்களில் யாராவது, மலிவாக இருக்கிறதே, பெயர் மாறியிருக்கிறதே, நிறம் வேறாக இருக்கிறதே என்று ஒரு மாத்திரையை எடுத்து ஓரமாக வைத்திருந்தால், இன்று பந்தியில் சாப்பிட உட்காருவதற்கு முன் என் காதில் மட்டும் சொல்லுங்கள். சிரிக்க மாட்டேன், சிரிக்கும் யோக்கியதை எனக்கில்லை. டாக்டரிடம் நானே வண்டியில் கூட்டிக்கொண்டு போகிறேன். நாம் திரும்பி வரும்வரை உங்களுக்கு இலை போட்டு வைத்திருக்கச் சொல்கிறேன்.